திறக்காத சிவப்பு

சிரங்கு பிடித்த கையும் இரும்பு பிடித்த கையும்
சும்மா இருக்காது என்பார்கள்.
எனக்கு இந்த வசந்தத்தில் இரண்டும்:
கம்பித் தூரிகை கீறிய புறங்கை அரிக்கிறது,
நிறுத்த முடியவில்லை.

சாரெமா தீவின் மேற்குக் கரை.
இங்கே காற்றுக்கே உப்புக் கை.
கீலை, ஆணியை, நங்கூரத்தைத்
தொட்டுத் தொட்டுப் பழுப்பாக்கிவிட்டு
ஒன்றும் அறியாததுபோல் கடலுக்குத் திரும்பிவிடும்.
கொட்டகைக்குப் பின்னால், ஜூனிப்பர் புதருக்குள்,
முப்பது வருடம் நின்றது
குதிரை இழுத்த புல்வெட்டி.
கூட்டுப்பண்ணை கலைந்தபோது
என் அப்பா இரண்டு செம்மறிக்கு வாங்கியது.

முதலில் உளி. பொருக்குகள்
மீன் செதிலாய் உதிர்ந்தன.
பற்சக்கரங்களுக்கு மண்ணெண்ணெய், பிறகு பொறுமை,
பிறகு கெட்ட வார்த்தை.
இறுகிய மரைகளுக்குத் தீ.
ஒன்று மட்டும் எதற்கும் மசியவில்லை.
அறுத்தெறிந்தேன். வருத்தமில்லை.

இருக்கையையும் சட்டத்தின் முன்துண்டையும்
பழைய மீன்தொட்டியில் மூழ்கடித்தேன்.
தண்ணீர், சலவைச் சோடா நாலு கரண்டி,
கார் பேட்டரிக்கு உயிரூட்டும் சார்ஜர்.
காப்பாற்ற வேண்டியதற்கு எதிர்முனை.
போனால் போகட்டும் என்பதற்கு நேர்முனை:
அங்கே உடைந்த பரம்புப் பல்லைக் கட்டினேன்.
குமிழிகள் கிளம்பின, பொடிப்பொடியாய்,
அடியில் யாரோ படுத்து முணுமுணுப்பதுபோல்.
அருகே புகைக்கக் கூடாது, அது ஹைட்ரஜன்.
இரவெல்லாம்
ஓர் இரும்பு கரைய
ஓர் இரும்பு தெளிந்தது.

காலையில் கூட்டுப்பண்ணைப் பச்சை
தோல்தோலாய் மிதந்தது.
கறுப்புச் சேற்றைத் தேய்த்துக் கழுவினேன்.
சட்டத்தில், உளியால் வெட்டிய
மூன்று கோடு, ஒரு கொக்கி.

குடும்பக் குறி. எங்களுடையது இல்லை.
எங்களுடையது பாதி நட்சத்திரம்.
இதை நான் தினமும் பார்க்கிறேன்,
ஹெல்மர் வீட்டுக் களஞ்சியக் கதவின் மேல்.

நாற்பத்தொன்பதில் பண்ணைக்கு எடுத்துக்கொண்ட பட்டியலில்
அவர்கள் குதிரைக்கு அடுத்த வரியாக
இது இருந்திருக்கும்.
முப்பது வருடமாக வேலியருகே நின்று
இந்தப் புதரையே பார்ப்பார் மனிதர்.
"மழை வரும்போல, மைமு" என்பார்.
வராது.

ஈர இரும்பு யோசிக்க நேரம் தராது.
பத்து நிமிடம் விட்டால்
ஆரஞ்சு மூட்டம் போட்டுவிடும்.
அடுப்பருகே காயவைத்தேன்.
மேசைமேல் சிவப்புப் பெயிண்ட்,
நேற்று வாங்கியது, பதினெட்டு யூரோ.
இரண்டு பூச்சுப் போட்டால்
துருவும் தெரியாது, குறியும் தெரியாது.
கோடைச் சந்தையில் அழகு என்பார்கள்.

மூடியின் விளிம்பில் திருப்புளியை வைத்தேன்.
எடுத்தேன்.

ஆளிவிதை எண்ணெயைச் சுடவைத்துத்
துணியால் பூசினேன், கோட்டுப் பள்ளங்களில் விரலால்.
எதையும் மறைக்கத் தெரியாத எண்ணெய்.
பற்களுக்குக் கழுவாத ஆட்டுரோமம்:
அதன் பிசுக்கில்
உப்புக் காற்று வழுக்கிவிழட்டும்.

வெள்ளிக்கிழமை ஹெல்மரைக் கூப்பிட்டேன்.
காரணம் சொல்லவில்லை.
வந்தார். தொப்பியைக் கழற்றினார். தொட்டார்.
நான் தயார்செய்திருந்த வாக்கியங்கள்
மரை கழன்று எங்கோ உருண்டன.
வெகுநேரம் கழித்துச் சொன்னார்:
"எண்ணெய் அதிகம். பிசுபிசுக்கும்."
கைக்குட்டையை எடுத்து
உபரியைத் துடைக்க ஆரம்பித்தார்,
குறியில் தொடங்கி.
மறுபக்கத்துக்கு நான் ஒரு கந்தல் தேடிப் போனேன்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைக்கக் கூடாது.
உள்ளுக்குள்ளேயே சூடேறித்
தானாய்ப் பற்றிக்கொள்ளும்.
இருவருக்கும் அது தெரியும்.
இருட்டுமுன் இரண்டையும்
நடுவேலியில் விரித்துப் போட்டோம்.
"மழை வரும்போல" என்றார்.
அன்றைக்கு வந்தது.