மூடியது, பூட்டவில்லை

அவ்கே,
திங்கட்கிழமை என் நாற்காலியில் நீ உட்காருவாய்.
கோப்பின் பெயர்
பாலங்கள்_இறுதி_நிஜமாகவே_இறுதி.
சிரிக்காதே.
அதற்கு முன்னால் ஆறு இறுதிகள் இருந்தன.

லேவார்டனுக்கு மேற்கே, கால்வாய் நெடுக,
எட்டுத் தூக்குப் பாலங்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலைப்படம்:
மூடியது, திறக்கிறது, திறந்தது, மூடுகிறது.
பெட்டி நான்கு, அம்பு நான்கு.
வரைந்து முடித்த அன்று
திரையைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன்,
புதுச் சட்டை போட்டவள் கண்ணாடியைப் பார்ப்பது போல.

அம்பைப் பெட்டியின் ஒட்டுப்புள்ளியில் மாட்டு.
பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் போதாது.
நான் முதல் மாதம் முழுக்கப் பக்கத்தில்தான் விட்டேன்.
பெட்டியை நகர்த்தினால்
அம்பு மட்டும் பேருந்தைத் தவறவிட்டவனாய்
அங்கேயே நின்றது.

அம்பின் மேல் வினைச்சொல் எழுது.
'தொடர்பு' என்று எழுதாதே.
எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்புதான்,
அதைச் சொல்ல உரிமக் கட்டணம் எதற்கு?

பன்னிரண்டு நிறம் பூசியிருந்தேன்.
மாகாண அலுவலகத்தில்
கறுப்பு வெள்ளையில் அச்சடித்துக்கொண்டார்கள்.

'தானாக அடுக்கு' என்றொரு பொத்தான் உண்டு.
கோடு போடச் சொன்னால் ரோடே போட்டுவிடும்.
அமுக்குவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வை.
அமுக்கத்தான் போகிறாய், தெரியும்.

ஜூலை. முப்பத்து நான்கு டிகிரி.
கட்டுப்பாட்டு அறையிலிருந்து சீட்ஸ்கே கூப்பிட்டாள்.
"உன் படத்தில் என் பாலம் இல்லை."
மூன்றாம் பக்கம், என்றேன்.
"மூன்றாம் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
பாலம் மூடியிருக்கிறது, பூட்டு விழவில்லை.
வெயிலில் எஃகு வீங்கிவிட்டது.
இப்போது நான் எந்தப் பெட்டிக்குள் நிற்கிறேன்?"
அவள் குரலுக்குப் பின்னால், திரை எதிலோ,
ஓர் ஆம்புலன்ஸ் காத்திருந்து கத்தியது.

நானூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருந்த வெள்ளை
இன்னும் பெரிய வெள்ளையாயிற்று.

தீயணைப்புக்காரர்கள் வந்து
கால்வாய்த் தண்ணீரையே மொண்டு எஃகின்மேல் பீய்ச்சினார்கள்.
இருபது நிமிடம்.
பிறகு 'டொக்'.
தொலைபேசியிலேயே எனக்குக் கேட்டது.

அன்று மாலை மடிக்கணினியை விட்டுவிட்டு
மஞ்சள் சீட்டுக்கட்டோடு அவளிடம் போனேன்.
சைக்கிளில் பதினொரு கிலோமீட்டர், எதிர்க்காற்று.
"அப்புறம் என்ன செய்வாய்?" என்று மட்டும் கேட்டேன்.
அவள் சொல்லச் சொல்ல ஒட்டினேன்:
தடுப்பு இறங்கும்போது குனிந்து நுழையும் சைக்கிள்,
பாய்மரத்தை இறக்க மறந்த கல்யாணப் படகு,
கீல் இடுக்கில் கூடு கட்டிய நீர்க்கோழி
(அதற்கு விதிமுறை இருக்கிறது, பக்கம் பதினாறு).
விடியும் முன் ஒரு படமும் வரையவில்லை.
அந்த வருடம் நான் செய்த உருப்படியான வேலை அதுதான்.

ஐந்தாம் பெட்டி இப்போது இருக்கிறது:
மூடியது, பூட்டவில்லை.
வெளியே போகும் அம்பு: தண்ணீர் பீய்ச்சு.
தன்னிடமே திரும்பி வரும் அம்பு: காத்திரு.
அந்த வளையத்தை மென்பொருள் கோணலாகத்தான் வரையும்.
விட்டுவிடு.

இன்னொன்று. அழிப்பு விசை.
படத்திலிருந்து நீக்குவது வேறு,
மாதிரியிலிருந்து நீக்குவது வேறு.
ஒன்பதாவது பாலத்தை இடித்தபோது
படத்திலிருந்து மட்டும் எடுத்தேன்.
இடதுபக்கப் பட்டியலில் அது பத்திரமாக உயிரோடு இருந்தது,
பதினொரு அம்புகள் இன்னும் அதைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன.
ஹார்ம் போன பிறகு வீட்டிலும் அப்படித்தான்,
சுவரில் இருந்த படங்களை எடுத்தேன்.

கடைசிப் பக்கத்தின் வலது மூலையில்
ஒரு வெற்றுப் பெட்டி இருக்கும்.
பெயர் இல்லை, அம்பு இல்லை.
சரிபார்க்கும் கருவி அதைச் சிவப்பில் காட்டும்.
அழிக்காதே.
"இன்னும் ஒன்று உண்டு," என்று சீட்ஸ்கே ஆரம்பித்தாள்,
அதற்குள் கீழே ஒரு படகு
ஹாரன் அடித்துவிட்டது.