கடந்த ஏழு நாட்களில்

கிளிநொச்சி மைதானத்து மலசலகூடத்தில்
கதவைத் திறந்து வைத்துத்தான் இருக்கவேண்டும்.
கொழும்பிலிருந்து வந்த அதிகாரி,
வெள்ளைக் கையுறை, களைத்த முகம்,
எனக்குச் சலம் வரவில்லையென்று
குழாயை மெல்லத் திறந்துவிட்டாள்.
தண்ணீர்ச் சத்தம்.
அந்த இரக்கத்தை
இன்றைக்கும் என்னால் பொறுக்க முடிவதில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி:
கடந்த ஏழு நாட்களில் உட்கொண்டவை எவை?
மூன்றே மூன்று வரி இடம்.
'மருந்து' என்ற சொல்லில்
ஒரு குற்று விடுபட்டிருந்தது.
பனடோல் என்று எழுதினேன்.

இடுப்பெலும்புக்குப் பக்கத்தில்
ஒன்பது வயதிலிருந்து ஒரு இரும்புத்துண்டு.
அதை எழுதவில்லை.
அதை நான் உட்கொள்ளவில்லை, அதுவாக வந்தது.
மாரியில் உளையும்.
எண்ணூறு மீற்றரில் கடைசி இருநூறு மிச்சமிருக்க
துருப்பிடித்த பிணைச்சல் மாதிரி ஒருதரம் முறுகும்.

எமில்ராஜ் சேர் அதைத்தான் சொன்னார்,
மாங்குளத்தில் ஒரு பாமசிக்குப் பின்னால்
ஐஸ்பெட்டியிலிருந்து சின்னப் போத்தலை எடுத்தபடி:
"உனக்குக் குறைஞ்சதைத்தான் நிரப்புறம், பிள்ளை.
இது கள்ளமில்லை. கணக்குத் தீர்க்கிறது."
நான் திரும்பி நின்றேன்.
நம்பித்தான் நின்றேன் என்றும் இல்லை.

பிறகு விடியப்புறத்தில்
அக்கராயன் குளக்கட்டில் ஓடும்போது
கால்கள் என்னைக் கேட்காமலே போயின.
அது சந்தோசமாக இருந்தது.
விசாரணையில் இதை ஒருவரும் கேட்கவில்லை.
மிகவும் சந்தோசமாக இருந்தது.

கடிதம் வந்ததும் ஊர் என் பக்கம் நின்றது.
"செல் பட்ட பிள்ளை. அதுக்கு ஒரு ஊசியோ பெரிசு?"
அப்பா கேட்டார்:
யூரியாவைத் தடுத்த வருசம்
உழவுமெசின் பெட்டியில் வைக்கோலுக்குக் கீழே
இரண்டு பை கொண்டுவந்தனே,
அதுவும் களவோ?

களவில்லை அப்பா. பசி.
பயிர் கறுத்து நிமிர்ந்தது,
தைக் காற்றுக்குப் பாதி சாய்ந்தும் போனது.
ஆனால் உங்கள் வரம்புக்கு அங்கால்
ஒருவருடைய நெல்லும் அதனால் குறையவில்லை.

ஓடுபாதையில் வரம்பு வெறும் சுண்ணாம்பு.

முதலாவதாக நான்.
நாலாவதாக முழங்காவில் புகழரசி.
மூன்றாம் இடம் வரைக்கும்தான்
விளையாட்டு விடுதியில் கட்டில்.
அவளுடைய இடது தோளில் ஒரு தழும்பு,
ஊசித் தழும்பை விடப் பெரியது,
சப்பாத்துக் கட்டக் குனிந்தபோது கண்டேன்.
என்னவென்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
திரும்பி நின்ற கதையை நானும் சொல்லவேண்டி வந்திருக்கும்.

எங்கள் எட்டுப் பேரில்
எவளின் உடம்பு முழுசாக இருந்தது?
கணக்குத் தீர்ப்பதென்றால்
எட்டுப் போத்தல் வேண்டும், சேர்.
நீங்கள் கொண்டுவந்தது ஒன்று.

அவள் பாணும் பிளேன்ரீயும் குடித்துவிட்டு ஓடினாள்.
மூன்றாவதுக்கு அவளுக்குக் குறைந்தது
பூச்சியம் தசம் நாலு செக்கன்.
ஒரு தும்மலுக்கும் காணாது.

எட்டு மாதத்துக்குப் பிறகு வெண்கலம்
பதிவுத் தபாலில் அவளிடம் போனதாம்.
அதற்குள் அவளை ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏற்றிவிட்டது.
காலை ஐந்தேகாலுக்கு அது எங்கள் றோட்டால் போகும்.
உள்ளே எல்லோரும்
யன்னலில் தலை சாய்த்து நித்திரை.

தடை நாலு வருசம்.
இப்பவும் ஓடுகிறேன்,
ஒருவரும் நேரம் எடுப்பதில்லை.
பஸ் கடக்கும்வரை கட்டால் இறங்கி நிற்பேன்.
எந்த யன்னல் அவளுடையதென்று தெரியாது.
நின்றால் இடுப்பு உளையும்.
பாவம் அந்த இரும்பு,
அது என்னோடு ஓடியதே தவிர
எனக்காக ஓடவில்லை.
அதன் பெயரைச் சொல்லித்தான்
எல்லோரும் என்னை மன்னிக்கிறார்கள்.

அந்தப் படிவத்தில்
இன்னும் இரண்டு வரி
சும்மா கிடந்தது.