வகுத்தால் மீதி

புன்டா அரீனாஸில் ஜூன்.
நாலரைக்கே கடையைச் சாத்திவிடுகிறது சூரியன்.
நண்டு ஆலையிலிருந்து வந்த நெலிடா
இரண்டு முறை சோப்புப் போட்டும் மணக்கிற விரல்களால்
சமையல் மேசையில் அட்டைகளைப் பரப்புகிறாள்.
கீழே ஃபெர்மினின் டயர்க் கடை.
மேலே தகரக் கூரை,
அதற்கும் மேலே ஆணிகளை எண்ணிப் பார்க்கும் காற்று.

முதல் வரைவு:
வாள்வீரன், மந்திரவாதி, திருடன், வைத்தியன்.
ஃபெர்மின் ஒவ்வொன்றாகப் புரட்டினான்.
"இந்த ஊரில் யாரிடம் வாள் இருக்கிறது?
என்னிடம் ஒரு ஜாக்கி இருக்கிறது, வேண்டுமா?"

அவள் கிழிக்கவில்லை.
அட்டை விலை அவளுக்குத் தெரியும்.
திருப்பிப் போட்டாள். பின்பக்கம் காலியாக இருந்தது.

கயிற்றுக்காரன்:
புயல் நாளில் தெருமுனையில் கட்டும் கயிறு மாதிரி.
அவனைப் பிடித்திருக்கும்வரை யாரும் விழமாட்டார்கள்.
அவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

காற்றுக்குக் காது கொடுப்பவள்:
ஒரு நாளைக்கு ஒரு கேள்வி.
பதில் உண்மையாக இருக்கும்,
பாதி வார்த்தை காணாமல் போயிருக்கும்.

கடன்சொல்லி:
எதையும் வாங்கலாம், எப்போதும், காசில்லாமல்.
மாதம் முடிந்தால்
விழுகிற எண்ணிலிருந்து மூன்று போய்விடும்.

கடன்சொல்லியை ஒவிடியோ எடுத்தான்,
படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவன்,
நிஜத்தில் யாரிடமும் ஒரு பெசோ கைநீட்டாதவன்.
இரண்டாவது வாரத்தில்
ஒரு பாலம், இரண்டு கப்பல்,
எதிரியின் குதிரைகளுக்கான புல் முழுவதும் அவனுடையது.
"மாதம் முடியட்டும், பார்க்கலாம்" என்றாள் நெலிடா.
"உன் கதையில் நாட்காட்டியே இல்லையே" என்றான்.
அன்று இரவு உட்கார்ந்து
அந்த உலகத்துக்கு ஒரு நிலா செய்தாள்,
வட்டி வசூலிக்க.

வகுப்பு என்று பெயர் வைத்தால்
வகுக்கத்தானே வேண்டும்.
வேலையால் வகுத்துப் பார்த்தாள்.
பயத்தால் வகுத்தாள்.
ஒரு முறை, தூக்கக் கலக்கத்தில், பாதணி அளவால்.
எப்படிப் போட்டாலும்
கோட்டுக்குக் கீழே ஒரு ஆள் மிஞ்சியது.

மிஞ்சியது கதவைத் தட்டியது:
ஃபெர்மினின் தங்கை எதெல்மிரா,
கையில் ரொட்டி, தலைமுடியில் பனித்தூள்.
ரொட்டியை வைத்துவிட்டுப் போக வந்தவள்
போகாமல் கோட்டைக் கழற்றினாள்.

"நீ என்னவாக இருக்கிறாய்?"
அட்டைகளைப் பார்த்தாள். ரொட்டியைப் பிய்த்தாள்.
"இதில் எதுவுமில்லை."
"உனக்கு என்ன செய்ய வரும்?"
"கிளம்ப வரும்" என்றாள்.
மூன்று ஊர், இரண்டு வேலை, ஒரு கல்யாணம்.
ஒவிடியோ சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

நெலிடா பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினாள்:
கிளம்புபவள்.
ஆட்டத்தில் ஒரே ஒரு முறை எழுந்து போகலாம்.
எந்தச் சிறையும், எந்த அரசனும், எந்தப் பகடையும் தடுக்காது.
போகும்போது ஒரு பொருளை விட்டுச் செல்வாள்.
அதை வைத்திருப்பவர்
தோற்ற உருட்டலை ஒரு தடவை மறுபடி உருட்டலாம்.
உயிர்ப்புள்ளிக் கட்டத்தில் எண் எழுதவில்லை.
அப்புறம் யோசிக்கலாம் என்று விட்டாள்.

ஆடத் தொடங்கிப் பத்தாவது நிமிஷம்,
டிராகன் இன்னும் கண்ணே திறக்கவில்லை,
எதெல்மிரா கிளம்பிவிட்டாள்.
கரண்டி ஒன்றை விட்டுச் சென்றாள்.

மேசை கொதித்தது.
"மூன்றாம் இரவுக்கு முன் கூடாது என்று எழுது" என்றான் ஃபெர்மின்.
"ஐந்தாம் படிநிலை" என்றான் ஒவிடியோ, நிலாவின் மேல் இன்னும் கோபம்.
எதெல்மிரா மட்டும்:
"தேதி கேட்டுக்கொண்டு போவதற்குப் பேர் விடுமுறை."

நெலிடா எழுதினாள், அழித்தாள், எழுதினாள்.
அட்டையில் ரப்பர் தேய்த்த இடம் சாம்பலாகி,
அந்தப் பக்கத்து மந்திரவாதி
மெல்லத் தெரியத் தொடங்கினான்.
கடைசியில் தடை எதுவும் வைக்கவில்லை.

ஆனால் ஒரு சிக்கல்.
கதையிலிருந்து போனவள்
நாற்காலியிலிருந்து போகவில்லை.
வெளியே காற்று மணிக்கு நூறு.
அடுத்த வியாழனும் வந்தாள், ரொட்டியோடு,
செய்வதற்கு எதுவுமில்லாமல்.
டிராகன் மூச்சு விட்டபோது
முதலில் கையை மூடிக்கொண்டது அவள்தான்.
கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே
ஃபெர்மின் மறுபடி உருட்ட மறந்து செத்தான்.

அட்டையின் ஓரத்தில் இடம் கொஞ்சம்தான்.
நெலிடா எழுத்தைச் சிறிதாக்கினாள்:
கிளம்பியவள் மேசையில் இருக்கலாம்.
பகடையைத் தொடக்கூடாது.
யாராவது கரண்டியை மறந்தால்
இருமலாம்.