இருப்பு

ஃபாக்ஸ் கிரீக் சமூகக் கூடத்தின் வாசலில்
மைனஸ் இருபத்தாறை உதறிவிட்டு
நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள்.
வெளியே ட்ரக்குகள் அணைக்கப்படாமல்
உறுமிக்கொண்டே நின்றன.

என் சட்டையில் குத்திய அட்டையில் 'யோகா' என்றிருந்தது.
யோகராணியில் பாதியை யாரோ மிச்சம் பிடித்திருந்தார்கள்.
வகுப்பு செவ்வாய்க்கிழமையா என்று ஒருவர் கேட்டார்.
இல்லை, நான் கல் பார்க்கிறவள்.

மேசையில் அந்தக் கல்.
மூவாயிரத்து இருநூறு மீட்டர் கீழேயிருந்து
உருவி எடுத்தது.
முழங்கை நீளம். கறுப்பு.
மூக்கருகே கொண்டுபோனால்
பூட்டிக் கிடந்த கராஜின் வாசம்.

கம்பனிக்காரர் பிரெண்ட் வரைபடத்தை விரித்தார்.
கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம்,
தெற்கே கையேந்த வேண்டாம்,
நம் காலடியிலேயே நம் விடுதலை என்றார்.
கைதட்டினார்கள்.
அந்தச் சொல்லுக்குக் கைதட்டுவதை
நான் வேறு மேடைகளின் முன்பும் கேட்டிருக்கிறேன்.
கை தானாக எழும்பப் பார்த்தது,
பொக்கட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

டெல்மா க்ராவ்சுக் எழுந்தாள்.
தை மாதம் இரண்டு இரவு
அலுமாரிக் கோப்பைகள் தாமாகக் கதைத்தன,
அதற்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரில்
தேத்தண்ணி ஊற்றவே பயமாக இருக்கிறது என்றாள்.

லொரெட்டா கார்டினல் எழும்பவில்லை,
இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்:
நம், நம் என்கிறீர்களே,
என் அப்பா பொறி வைத்த பாதையை
ஏழு றோட்டு வெட்டுகிறது.
அந்தப் படத்தில் அது எங்கே?
பிரெண்ட் படத்தைப் பார்த்தார்.
எல்லோரும் படத்தைப் பார்த்தோம்.

பின்வரிசையிலிருந்து கோடி, இருபத்துமூன்று வயதிருக்கும்:
ட்ரக்குக்கு இரண்டு தவணை பாக்கி.
இங்கே யாராவது நடந்து வந்தீர்களா?

பிறகு எல்லாத் தலையும் என் பக்கம்.
எவ்வளவு இருக்கிறது?

விளக்கை அணைக்கச் சொன்னேன்.
ஊதா விளக்கைக் கல்லின்மேல் பிடித்தேன்.
கறுப்புக்குள்ளிருந்து மஞ்சள் எழும்பியது,
புலர்வதா எரிவதா என்று தெரியாத மஞ்சள்.
ஒரு குழந்தை மட்டும் 'ஓ' என்றது.

சொன்னேன்:
போன வசந்தத்தில் விலை விழுந்தது,
இதே கல்லுக்கு 'இல்லை' என்று எழுதினேன்.
இலையுதிரில் ஏறியது, 'உண்டு' என்று எழுதினேன்.
இடையில் கல் ஒரு மயிரிழை அசையவில்லை.

யாரோ சிரித்தார்கள். பிரெண்ட் இருமினார்.
விளக்கு வந்துவிட்டது.

ரிசர்வ் என்று அவர்கள் சொல்வதற்கு
எங்களிடம் இருப்பு என்று பெயர்.
கடைக் கணக்கிலும் அதுதான்.
உயிரோடு இருப்பதற்கும் அதுதான்.
இதை அங்கே சொல்லவில்லை.

கண்மருந்துப் போத்தலையும் சொல்லவில்லை.
பொருளாதாரத் தடைக் காலம்.
எங்கள் வீட்டின் மொத்தப் பெற்றோலும்
அந்தப் போத்தலுக்குள்.
அக்காவுக்கு நடுச்சாமத்தில் வலி.
ஏழு சொட்டுக் காபரேட்டருக்குள்,
எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி
வெள்ளைப் புகைக்குள் இருமி இருமிப் போனது
எதிர்வீட்டு மோட்டார் சைக்கிள்.
எட்டாவது சொட்டு இருக்கவில்லை.
முதல் உதையில் பிடித்தது.
பிடிக்காமல் போயிருந்தால் என்பதை
இந்த வயதிலும் முடித்து நினைத்ததில்லை.

ஆகவே டெல்மா படியில் வைத்து என் கையைப் பிடித்து
நீ எந்தப் பக்கம் என்றபோது
பனி வழுக்கும், பார்த்து இறங்குங்கள் என்றேன்.
கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.
அவளுக்கும் தெரியும்.

ஊர் எல்லையில் காஸ் ஸ்டேஷன்.
பக்கத்துப் பம்பில் கோடி,
இருபது டொலருக்கு மட்டும் அடித்துக்கொண்டு.
தலை அசைத்தான். அசைத்தேன்.
மேலே பலகையில் சிவப்பு எண்
ஒருமுறை கண் சிமிட்டி மாறியது.
மூன்று கிலோமீட்டர் கீழே
இருட்டில் ஏதோ ஒரு கல்
இல்லையிலிருந்து உண்டுக்கு வந்திருக்கும்.

நான் டாங்கை விளிம்புவரை நிரப்பினேன்.
முள் பாதிக்குக் கீழே இறங்க
இந்த இருபத்தெட்டு வருடத்தில்
ஒருநாளும் விட்டதில்லை.