கையில் மிச்சம்

உருளைக்கிழங்குத் தெருவில் எங்கள் வீடு.
தார்த்து நகரில் இது கேலி இல்லை, முகவரி.
கடைசிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டு வந்தேன்.
ஏவிகா இன்னும் திரை முன்னால்,
ஒரு காலில் மட்டும் காலுறை.

அவள் செய்திருப்பது ஒரு சின்ன எந்திரம்.
நிரலில்தான்; தொட முடியாது.
சுழியும் ஒன்றுமாய்க் கிடக்கும் நாடாவை
வலக்கோடியிலிருந்து வாசிக்கும்.
ஒன்றை வாசித்தால் ஒன்றை எழுதும்.
ஞாபகம் என்று அதற்கிருப்பது
கையில் மிச்சம் எவ்வளவு என்பது மட்டும்:
சுழி, ஒன்று, மிஞ்சினால் இரண்டு.
அதை வைத்துக்கொண்டே
எவ்வளவு நீள எண்ணையும் மும்மடங்காக்கி
ஒன்று கூட்டிவிடும்.
வாலில் தொங்கும் சுழிகளை உதிர்த்துவிட்டு
எழுதியதையே வாசிக்கும், மறுபடி,
மறுபடி.

முதலாவது முடிக்கட்டும் என்று
இரண்டாவது ஏன் காத்திருக்கணும்?
போன வாரம் ஆயிரத்தை வரிசையில் நிறுத்தினாள்.
தீப்பிடித்த வீட்டுக்கு வாளி கைமாறுவதுபோல
முன்னது உமிழ்வதைப்
பின்னது சூட்டோடு வாங்கும்.

இன்றிரவு இருபத்தேழைக் கொடுத்திருக்கிறாள்.
இருபத்தேழு, ஒன்பது, மூன்று, ஒன்று.
அப்புறம் வெற்று நாடா.
வேறு எந்த எண்ணும் அப்படித்தான்,
தன் நீளத்தைவிட அதிக நடை தாங்கவில்லை.
"எல்லாமே இறங்குது, தார்மோ."
யாராலும் முடியாததைச்
சமையலறை மேசையில் பிடித்துவிட்டவளின் குரல்.
அழகாய்த்தான் இருந்தது. நானும் நம்பினேன்.

சூப்பைச் சுடவைத்தபடி என் கதையைச் சொன்னேன்:
அன்னெலின், கடைசி நிறுத்தம்.
விளக்கணைத்துவிட்டேன், கதவையும் பூட்டப் போனேன்.
பின்வரிசையில் ஒரு பையன்
ஹாக்கி மட்டையைக் கட்டிக்கொண்டு தூக்கம்.
திரும்பிப் பார்க்காமல் இருந்திருந்தால்
மைனஸ் பதினெட்டில் விடிந்திருப்பான்.

ஏவிகா கரண்டியை வைத்துவிட்டாள்.

நாடா தீர்ந்த இடத்தில் எந்திரம் நின்றுவிடுகிறது,
கையிலிருப்பதை இறக்காமல்.
ஆயிரமும் அப்படியே.
திருட்டு இல்லை.
யாரும் இறக்கச் சொல்லவில்லை.

ஒரே ஒரு வரி சேர்த்தாள்.
இருபத்தேழு நாற்பத்தொன்றானது,
முப்பத்தொன்று, நாற்பத்தேழு, எழுபத்தொன்று, நூற்றேழு,
ஏறி, சறுக்கி, மறுபடி ஏறி
நாற்பத்தொன்றாம் நடையில்தான் ஒன்றைத் தொட்டது.

"இப்ப எதுவுமே தெரியாது," என்றாள்,
கொஞ்சம் சந்தோஷமாகவே.
சூப் ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தோம்.
திரையில்
மீதித் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதும்
ஒன்றை வாங்கி
ஒன்றையே கொடுத்துக்கொண்டிருந்தன.