நாற்பது மணி நேரம்

வெள்ளி மாலை ஐந்துக்கு ஓடவிட்ட அரவை எந்திரத்தை
ஒன்பதுக்கு நிறுத்தவேண்டியவன் நான்தான்.
தங்கைக்குக் குழந்தை பிறந்ததென்று
அசினோ போகும் பேருந்தில் ஏறினேன்.
பனி கொட்டி வழி அடைந்தது.
ஞாயிறு காலை டோம்ஸ்க் திரும்பி
ஆய்வுக்கூடக் கதவைத் திறந்தபோதும்
கடகட கடகட என்று
அரைத்ததையே அரைத்துக்கொண்டிருந்தது அது.

முதலில் அது தூளே அல்ல, புகை.
பிளாஸ்மாச் சுடரில் பிறந்த சிர்கோனியா:
உள்ளே ஒன்றுமில்லாத உருண்டைகள்,
முட்டை ஓட்டைவிட மெல்லியவை.
ஜாடி நிறையக் கொட்டினாலும்
தராசு தயங்கும்.
அப்படியே அச்சிலிட்டு அழுத்தினால்
காற்றைக் கட்டிக்கொண்டு முரண்டுபிடிக்கும்.
சூளையில் வில்லை அத்தனை சுருங்கியும்
உள்ளே பொத்தல் மிச்சம்.

நான்கு மணி நேரம் அரைத்தால் ஓடு உடையும்.
உடைந்தது, உடைந்ததன் இடுக்கில் உட்காரும்.
அழுத்தம் அதேதான், வில்லை கனக்கும்.
சூளை இன்னும் சிவக்கும் முன்பே
துகள் துகளின் தோளைத் தொட்டுவிடும்.
அவ்வளவுதான் வித்தை.

நாற்பதுக்கு என்ன ஆகும்?
விரலால் தேய்த்துப் பார்த்தேன். மாவு மாதிரிதான்.
கொஞ்சம் சாம்பல் பூத்திருந்தது,
எஃகுக் குண்டுகள் தேய்ந்த நிறம்.
குறிப்பேட்டில் 4 என்று எழுதினேன்.
ஒரு பூஜ்ஜியத்தைப் போடாமல் விட்டதற்குப்
பொய் என்றா பேர்?

திங்களன்று ரிஃப்காத் அழுத்தினார்.
அச்சைவிட்டு வரும்போதே ஒன்றுக்குத் தொப்பி கழன்றது.
மற்றதைச் சுட்டோம்.
அக்லாயா அதை அறுத்து, மெருகேற்றி,
நுண்ணோக்கியில் வைத்தாள்.

திரையில் கட்டி கட்டியாய்.
அளவு மீறி நொறுங்கியவை
தனித்திருக்கப் பயந்து
ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன.
சூட்டில் ஒவ்வொரு கும்பலும்
தனக்குள் முதலில் நெருங்கி
பக்கத்துக் கும்பலைக் கைவிட்டிருந்தது.
நடுவே கறுப்பாய் வாய் பிளந்த விரிசல்.

“நாலு மணி நேரமா?”
திரையைத்தான் கேட்டாள், என்னையல்ல.

பூஜ்ஜியத்தை எழுதினேன்.
பேனா மாறியதால்
அது மட்டும் நீலமாக நின்றது.

ரிஃப்காத் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, “குழந்தைக்கு என்ன பேர்?”
“தாயிசியா.”
பழுப்பேறிய வில்லையை எடுத்துப்போய்
தேநீர் மேசையின் குட்டைக் காலுக்கடியில் செருகினார்.
ஆட்டம் நின்றது.

அடுத்த தொகுதிக்கு அந்தப் பேரையே வைத்தார்.
எந்திரத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு
என்னை உட்காரவைத்தார்.
நாலு மணி நேரம்.
நான் எழுந்து ஒன்றுக்குக்கூடப் போகவில்லை.