உள்விளிம்பு

துறைமுகத்துக்கு வரிசை கட்டிய கன்டெய்னர் லாரிகள்
என்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கும் மதியம்.
அவற்றின் இடுப்பளவுகூட இல்லாத மஞ்சள் கார் ஒன்று
தண்டையார்பேட்டையில் எங்கள் ஷெட்டுக்குள்
வயிறு உரசாமல் ஏற
இரண்டு பலகை போட வேண்டியிருந்தது.

"பாத்தா புச்சு மாரிதான்க்கா கீது.
ஆனா சத்தம் வருது" என்றான் தேசிங்கு.
காசிமேட்டில் இரண்டு விசைப்படகு அவனுக்கு.
இது மூன்று கை மாறி வந்த இரண்டு சீட்டு வண்டி,
பம்பாய் நம்பர் பிளேட் இன்னும் மாற்றவில்லை.
பின்டயர் நாலாவது ஜோடி.
ஏழாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையாம்.

வெளியிலிருந்து பார்த்தால் அவன் சொன்னது சரி.
பள்ளமெல்லாம் ஆழமாக, கறுப்பாக இருந்தது.
தூக்கியில் ஏற்றி
சக்கரத்துக்குப் பின்னால் விளக்கை நுழைத்தேன்.
உள்விளிம்பில்
கம்பி தெரிந்தது.

தடவிப் பார் என்றேன்.
உள்ளிருந்து வெளியே, வழவழப்பு.
வெளியிலிருந்து உள்ளே, ரம்பம்.
வெடுக்கென்று கையை எடுத்தான்.
"செதில்க்கா இது!
வாலுலேர்ந்து தலைக்குத் தடவுனா குத்தும்ல, அப்டி."

பதினாறு வருஷமாக
வருகிறவர்களுக்கெல்லாம் விளக்க நான் தேடிய வார்த்தை
இங்கிருந்து நடக்கிற தூரத்தில்
கூடையில் கிடந்திருக்கிறது.

திரையில் பின்சக்கரம் இரண்டும் சிவப்பு.
கேம்பர் இடது மைனஸ் இரண்டு டிகிரி, வலது கொஞ்சம் குறைவு.
வளைவில் சாலையைக் கவ்வட்டும் என்று
தலையை உள்ளே சாய்த்து நிற்க வைத்த கால்கள்.
அது பரவாயில்லை, சாய்வு மெதுவாகத்தான் தின்னும்.
அவசரமாகத் தின்பது டோ.
பாதம் இரண்டும் வெளியே திரும்பியிருக்கின்றன,
தலா இருபது நிமிடம்.
கடிகார நிமிடம் இல்லை, தேசிங்கு,
ஒரு டிகிரியை அறுபதாக நறுக்கிய துண்டு.

வடக்கே போகும்போது
இடது சக்கரம் மணலிக்குப் போகிறேன் என்கிறது.
வலது, கடலுக்கு.
என்ஜின் இரண்டையும் பிடரியில் தள்ளி
நேரே திருவொற்றியூருக்கு ஓட்டுகிறது.
உருள்வதாக நீ நினைக்கிறாய்.
கிலோமீட்டருக்கு ஐந்தாறு மீட்டர்
பக்கவாட்டில் இழுபடுகிறது.

டேஷ்போர்டைத் திறந்து மூன்று தாள் எடுத்தான்.
மூன்று கடை, மூன்றிலும் 'அலைன்மென்ட் ஓகே'.
மடிப்புக் கலையாமல் வைத்திருந்தான்.
மூன்றும்
முன்சக்கரத்துக்கு மட்டும்.

திருத்த ஒரு போல்ட் இருக்கிறது.
அதன் மையம் கோணல், திருகினால் கால் திரும்பும்.
திருகினோம்.
யாசின் குழாயை நுழைத்து அதில் தொங்கினான்.
எண்ணெய், நெருப்பு, பிஸ்மில்லா, கெட்ட வார்த்தை.
உப்புக்காற்று போல்ட்டையும் புஷ்ஷையும்
ஒரே இரும்பாக்கியிருந்தது.
அறுக்க வேண்டும் என்றேன்.
டயர் மாத்துறது ஈசி இல்லக்கா என்று கேட்டான்,
மாற்றி மாற்றிப் பார்த்தவன்.
அறுத்தோம்.

புதுப்பேட்டையிலிருந்து போல்ட் வர இரண்டு நாள்.
நடுவில் ஒருமுறை வந்து நின்று கேட்டான்:
"நாலு ஜோடி ரப்பரு, எங்கதான்க்கா போச்சு?"
என் ஜன்னல் கம்பியை
தினமும் காலையில் துடைக்கிற துணியை
அவனிடம் காட்டியிருக்கலாம்.
தெரியல என்றேன்.

மூன்றாம் நாள்.
ஓட்டுகிற சீட்டில் உன் எடை இருக்க வேண்டும்,
நீ உட்கார்ந்தால் போனை எடுத்து அசைவாய் என்றதும்
வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் சாக்கில் வந்தன.
எண்பத்திரண்டு கிலோ.
சாக்குக்கு பெல்ட் போட்டோம்.

"இடதுபக்கம்?"

யாசின் துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தான்.
தேசிங்கு தரையைப் பார்த்தான்.
"ஒரு அம்பது போடுக்கா."

இரண்டாம் சாக்கை நான் கட்டும்போது
"அம்பத்திமூணு" என்றான்.

மூன்று கிலோவுக்குத் திரையில் எதுவும் மாறாது.
போட்டேன்.